கிணற்றுக்காது எந்தப் பையில்

பிரிப்பக்கா பை தைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட படுக்கை விரிப்பு அது. நடுவில் நைந்துபோயிருந்தாலும் ஓரத்தில் இன்னும் உயிர் இருந்தது. அந்த ஓரத்தை மட்டும் வெட்டி, மடித்து, மூன்று பக்கம் தையல் ஓட்டி, வாயில் நாடா கோத்தாள். மொத்தம் நாலு பைகள். ஒன்றைச் சிவப்புச் சாயத்தில் முக்கி எடுத்தாயிற்று, ஒன்றை மஞ்சளில், ஒன்றைப் பச்சையில். நாலாவது வெள்ளையாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பைகள் பூதங்களைப் போட்டு வைக்க.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பிரிப்பு மேசையில் நிற்பவள் என்பதால் அவள் பிரிப்பக்கா. முதலில் வார்டு ஆட்கள் அப்படிக் கூப்பிட்டார்கள், பிறகு தெருவும் கூப்பிட்டது, கடைசியில் கணவரே ஒருநாள் வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டார். காலையில் வண்டி வண்டியாக அழுக்குத் துணி வந்து இறங்கும். எது எந்த இயந்திரத்துக்கு, எது கொதிநீருக்கு, எது தையல் அறைக்கு, எது எரிப்பதற்கு என்று அவள்தான் பிரிப்பாள். கையுறை, முகமூடி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். வேலை முடியும்வரை உட்கார நாற்காலி கிடையாது. வீட்டுக்கு வந்தால் நாற்காலி உண்டு, ஆனால் உட்கார நேரம் கிடையாது. வாரத்தில் அவள் சாய்ந்து உட்காருவது ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும்தான். அது பூத ஆட்டத்துக்கான நேரம்.

ஆட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது நாத்தனார். டிரைவரின், அதாவது பிரிப்பக்கா கணவரின், தங்கை. அச்சகத்தில் அட்டை வெட்டும் இயந்திரத்தில் வேலை. கல்யாணம் ஒத்துவராமல் அண்ணன் வீட்டுக்கு வந்து பல வருடமாகிறது. அவள் அச்சகத்தில் ஒருமுறை யாரோ ஒரு கம்பெனிக்காக விளையாட்டுப் புத்தகம் ஒன்று அச்சானது. ஆளுக்கொரு வேடம் போட்டுக்கொண்டு, பகடை உருட்டி, காடு மலை சுற்றி, எதிர்ப்படும் பூதங்களோடு மல்லுக்கட்டும் விளையாட்டு. மை சிந்திக் கெட்டுப்போன தாள்களை நாத்தனார் வீட்டுக்கு எடுத்துவந்தாள். பாதிப் பக்கங்கள்தான் இருந்தன. எப்படி நடப்பது, எப்படிச் சண்டை போடுவது எல்லாம் இருந்தது. பூதங்கள் இருந்த பக்கங்கள் மட்டும் நல்லபடியாக அச்சாகிக் கம்பெனிக்குப் போய்விட்டன.

“பூதம் இல்லாம என்னத்த ஆடறது?” என்று டிரைவர் கேட்டார்.

“நான் வரையறேன்” என்றாள் நாத்தனார்.

வரைந்தாள். அச்சகத்தின் வெட்டுத்துண்டு அட்டைகளில், உள்ளங்கை அளவில், கறுப்பு மையில். பூட்டுவாயன், நிழல்தின்னி, கூரைநக்கி, முட்டி முட்டியாக எட்டுக் கால் வைத்த ஏதோ ஒன்று. முன்பக்கம் படமும் பேரும், பின்பக்கம் அது என்ன செய்யும் என்ற விவரமும். சிலவற்றுக்குப் பின்பக்கம் வெறுமையாகவே இருக்கும். “இன்னும் யோசிக்கல” என்பாள், அல்லது ஒன்றும் சொல்ல மாட்டாள்.

கதையை நடத்துவது டிரைவரின் பொறுப்பு. பஸ் ஓட்டுவது போலவே நடத்துவார். யார் கெஞ்சினாலும் நடுவழியில் நிறுத்த மாட்டார், நிறுத்தம் வந்தால் யாரும் இறங்காவிட்டாலும் நிறுத்துவார். நாலாவது ஆள் கீழ்வீட்டுத் தையல்காரர். மனைவியை இழந்தவர், வாய் ஓயாதவர், கழுத்தில் அளவு நாடாவும் இடுப்பில் கத்திரியும் இல்லாமல் மாடிப்படி ஏறாதவர். ஆட்டத்தில் அவர் படைவீரன், பிரிப்பக்கா வைத்தியச்சி, நாத்தனார் வழிகாட்டி.

அண்ணியும் நாத்தனாரும் மற்ற நாட்களில் அதிகம் பேசிக்கொள்வதில்லை. சண்டை என்று ஒன்றும் கிடையாது. அடுப்படியில் ஒருத்தி இருந்தால் இன்னொருத்தி குளியலறையில் இருப்பாள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று தையல்காரரை ஓட்டுவார்கள்.

தொல்லை எங்கே வந்தது என்றால், பூதங்கள் பெருகிவிட்டன. எல்லாம் ஒரே செருப்புப் பெட்டிக்குள் கிடந்தன. காட்டில் ஒரு பூதம் வேண்டுமென்றால் டிரைவர் பெட்டிக்குள் தலையை விடுவார், வெளியே வருவதற்குள் தையல்காரர் ஒரு தூக்கம் போட்டுவிடுவார்.

“மாப்ள, நிலையத்துக்கு வண்டி எப்ப வரும்?” என்பார் கண்ணைத் திறக்காமல்.

“நான் பிரிச்சுத் தரேன்” என்று பிரிப்பக்கா சொன்னது அதனால்தான்.

முதலில் உருவத்தை வைத்துப் பிரித்தாள். பெரிசு, நடுத்தரம், சிறிசு. கூடத் தரையில் மூன்று வரிசையாகப் பரப்பினாள். கம்பளிப்பூதம் கோபம் வந்தால் பெருக்கும், பயந்தால் சுருங்கும் என்று பின்னால் எழுதியிருந்தது. அதை எங்கே வைப்பது? இருக்கும் இடத்தை வைத்துப் பார்த்தாள். நீர், நிலம், ஆகாயம். பாதிப் பூதங்கள் காலையில் நீரிலும் மாலையில் ஆகாயத்திலும் இருந்தன.

“காலை எண்ணிப் பிரிங்க” என்று யோசனை சொன்னார் தையல்காரர். “இருகால், நாற்கால், காலே இல்லாதது. நான் கால்சட்டையை அப்படித்தான் பிரிக்கிறேன்.”

“காலே இல்லாத கால்சட்டை உங்க கடைல தொங்குதா?”

“தொங்குது. துணி பத்தலன்னா என்ன பண்றது?”

பிரிப்பக்கா அவரைக் கண்டுகொள்ளவில்லை. சலவைக்கூடத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தவறு அவளுக்கு ஞாபகம் வந்தது. விரிப்பு ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம், சட்டை ஒரு பக்கம் என்று அடுக்குவார்கள். அது மடிக்கும்போது செய்ய வேண்டியது. அழுக்காக வரும்போது அது துண்டா சட்டையா என்பதில் காரியமில்லை. தொட்டால் நம்மை என்ன செய்யும் என்பதுதான் காரியம். அதை வைத்துத்தான் பையின் நிறம்.

பூதங்களையும் அப்படியே பிரித்தாள். கண்டவுடன் கடிப்பது சிவப்பு. சீண்டினால் மட்டும் கடிப்பது மஞ்சள். உதவி செய்வது பச்சை. ஒன்றும் செய்யாத சாது வெள்ளை. ஒரு சாயங்காலத்தில் வேலை முடிந்தது. கை பழகிய வேகம். பின்பக்கத்தைப் படிப்பாள், பைக்குள் போடுவாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் படத்தைப் பார்ப்பாள். பல் இல்லை, நகம் இல்லை, கொம்பு இல்லை என்றால் வெள்ளை.

நாத்தனார் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் வெண்ணெயில் கத்தி போல ஓடியது. டிரைவர் கையை விடுவார், பூதம் வரும். பையின் நிறத்தைப் பார்த்த உடனேயே ஓடுவதா நிற்பதா என்று தெரிந்துவிடும். வெள்ளைப் பையிலிருந்து வந்தால் பகடை உருட்டத் தேவையில்லை, நினைத்ததைச் செய்யலாம் என்று அப்போதே ஒரு விதியும் போட்டுக்கொண்டார்கள். டிரைவர் மனைவியைப் பார்த்து, “உன்னைப் பணிமனைக்கு எடுத்திருந்தா பஸ்ஸெல்லாம் நேரத்துக்குப் போகும்” என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

அதற்கடுத்த ஞாயிறுதான் கிணறு வந்தது.

கதையில் மூன்று பேரும் ஒரு பாழடைந்த ஊருக்குள் நுழைந்திருந்தார்கள். நடுவில் கிணறு. டிரைவர் வெள்ளைப் பைக்குள் கையை விட்டு ஒரு அட்டையை எடுத்து மேசையில் போட்டார். கிணற்றுக்குள் சுவர் முழுக்க ஒரே காது. மடல் கல்லோடு கல்லாகப் படர்ந்து, துளை ஆழத்துக்குள் இறங்கிப் போயிற்று. ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக வரைந்திருந்தது. பேர் கிணற்றுக்காது.

“வெள்ளையா? சாதுதானே?” என்றார் தையல்காரர். “அப்போ பாறையை உருட்டிக் கிணத்தை மூடிட்டு, அது மேல ஏறி அந்தப் பக்கம் குதிக்கிறேன்.”

நாத்தனார் நிமிர்ந்தாள். “ஒரு நிமிஷம்…”

ஆனால் டிரைவர் நடுவழியில் நிறுத்துகிறவர் இல்லை. “மூடியாச்சு. பூதம் செத்தாச்சு.”

செத்த பூதத்தின் அட்டையில் மூலையை வெட்டுவது அவர்கள் வழக்கம், மறுபடி பைக்குள் போய் உயிர்த்துவிடாமல் இருக்க. கத்திரி தையல்காரரின் இடுப்பிலேயே இருந்தது. ஒரே நறுக்கு. மூலையோடு காது மடலின் நுனியும் போயிற்று.

தையல்காரர் கத்திரியைத் துடைத்தார், துடைக்க ஒன்றுமில்லாவிட்டாலும்.

“அதை வெள்ளைப் பைல யாரு போட்டது?” என்றாள் நாத்தனார்.

“நான்தான்” என்றாள் பிரிப்பக்கா. “பின்னாடி ஒண்ணும் எழுதல. பல்லு இல்ல, நகம் இல்ல. காது என்ன பண்ணிடப் போகுது?”

“என்ன பண்ணும்னு என்கிட்ட கேட்டீங்களா?”

“எழுதியிருக்கலாமே.”

“கேட்டிருக்கலாமே! நான் வாசல்லதான் நின்னேன். நீங்க எப்பவும் இப்படித்தான் அண்ணி. பாத்த உடனே முடிவு பண்ணி எதுலயாவது போட்டு நாடாவை இழுத்துருவீங்க. கேக்கவே மாட்டீங்க.”

“ஒரு அட்டைக்கு இவ்வளவா? ரெண்டு நாள்ல இன்னொண்ணு வரைஞ்சுட்டுப் போ.”

இதைச் சொல்லியிருக்க வேண்டாம். வாயிலிருந்து போனது போனதுதான். நாத்தனார் எழுந்து நாலு பைகளையும் கவிழ்த்தாள். பூதங்கள் மேசை முழுக்கக் கொட்டின. எல்லாவற்றையும் வாரிப் பழைய செருப்புப் பெட்டிக்குள் போட்டாள்.

“அச்சகத்துப் பக்கம் ஒரு ரூம் பாத்து வெச்சிருக்கேன். இந்த மாசத்தோட கிளம்பறேன். இதெல்லாம் நான் வரைஞ்சது, நான் எடுத்துட்டுப் போறேன்.”

“ஏய் குட்டி, என்னடி இது, விளையாட்டுக்கு…” என்று டிரைவர் ஆரம்பிப்பதற்குள் பின்கட்டு அறையின் கதவு சாத்திக்கொண்டது.

தையல்காரர் வெட்டிய மூலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “இதை ஒட்டித் தைக்க முடியாதா?” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் கீழே இறங்கிப் போய்விட்டார்.

பிரிப்பக்கா காலிப் பைகளை மடித்து வைத்தாள். பெட்டி போனால் ஆட்டம் போயிற்று. ஆட்டம் போனால் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு அழுக்குப் பாத்திரமும் ஒட்டடையும் மட்டும்தான் மிச்சம். நாத்தனார் போவதை நினைத்து வருந்தினாளா என்று கேட்டால், அப்போது இல்லை. தன் நாற்காலியைத்தான் நினைத்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள். பெட்டியில் துணி அடுக்கும் சத்தம் பின்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை, வேலையில், எலும்பு வார்டிலிருந்து ஒரு மூட்டை வந்தது. வாயில் கட்ட வேண்டிய சீட்டு கட்டியிருக்கவில்லை. பிரிப்பக்கா அதைத் தூக்கிச் சிவப்புப் பைக்குள் போட்டாள். தள்ளுவண்டிக்காரன் தலையில் அடித்துக்கொண்டான்.

“அக்கா, அது வெறும் துண்டுக்கா. சிவப்புல போட்டா கொதிக்க வெச்சு மதியம் ஆயிடும். வார்டுல என் உயிரை எடுப்பாங்க.”

“உள்ள நீ பாத்தியா?”

“பாக்கல. தூக்கினா லேசா இருந்துச்சு.”

“ஊசிகூட லேசாத்தான் இருக்கும். சீட்டு இல்லாதது சிவப்பு. போய்க் கேட்டு, எழுதிக் கட்டி எடுத்துட்டு வா, மாத்தித் தரேன்.”

வாய் பேசி முடிப்பதற்குள் கை நின்றுவிட்டது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றது இது. விவரம் இல்லாத மூட்டையை ஒருநாளும் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுக்கிய விரிப்புக்குள்ளிருந்து ஊசி வெளியே வந்து ஒருத்தியின் விரலில் ஏறியதை அவள் பார்த்திருக்கிறாள். இத்தனை வருடத்தில் அந்த விதியை மீறியதில்லை. வீட்டில், அட்டையின் வெறும் முதுகைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு வெள்ளையில் போட்டிருக்கிறாள்.

“என்னக்கா, சாமி வந்துருச்சா?” என்றான் தள்ளுவண்டிக்காரன்.

“போடா. போய்ச் சீட்டு எழுதிட்டு வா.”

சாயங்காலம் கை கழுவிவிட்டுப் பின்கட்டுக் கதவைத் தட்டினாள். வழக்கமாகத் தட்டுவதில்லை, தள்ளுவாள். நாத்தனார் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அந்த அறையின் ஒரே ஜன்னல் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்திருந்தது. விளக்கு பகலிலும் எரிய வேண்டும்.

பிரிப்பக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். “சீட்டு இல்லாத மூட்டையை நாங்க சிவப்புலதான் போடணும். அதுதான் சட்டம். உன் காதை நான் வெள்ளைல போட்டது தப்பு.”

நாத்தனார் இஸ்திரியை நிமிர்த்தி வைத்தாள். அண்ணி தப்பு என்ற சொல்லை மற்றவர்களுக்குப் பயன்படுத்தித்தான் அவள் கேட்டிருந்தாள்.

“அப்போ அது சிவப்பா?” என்றாள்.

“தெரியல. அதைக் கேக்கத்தான் வந்தேன். அது என்ன பண்ணும்?”

“கேக்கும்.”

“அதான் காதாச்சே. கேட்டு?”

“அந்த ஊர்ல யார் யாரைப் பத்திக் கிணத்தடில என்ன பேசினாலும் அதுக்குள்ள கிடக்கும். ஒருத்தர் வந்து, ‘என்னைப் பத்தி என்ன பேசினாங்க’ன்னு கேட்டா அப்படியே சொல்லிடும். கூட்டாது, குறைக்காது.”

பிரிப்பக்கா யோசித்தாள். “அப்போ சிவப்புதான்.”

“நீங்க நல்லதாப் பேசியிருந்தா?”

“அப்போ பச்சை.”

“பேசாமயே இருந்திருந்தா?”

“வெள்ளை.” பிரிப்பக்கா நெற்றியைத் தேய்த்தாள். “இதென்னடி வம்பு. பூதத்தைப் பாத்தா பையே தெரியல. வர்ற ஆளைப் பாத்தாத்தான் தெரியும்.”

“ஆமா. அதனாலதான் பின்னாடி எழுதல.”

பிரிப்பக்கா ஜன்னலையும் எதிர்ச்சுவரையும் பார்த்தாள்.

“வேற எதை நான் கேக்காமப் போட்டேன்?”

நாத்தனார் ஒரு சட்டையை மடித்து முடித்தாள். “என்னை.”

“உன்னையா?”

“நான் வந்த அன்னிக்கு, ‘இவளுக்கு இப்போ அமைதி வேணும், பின்கட்டுல போடுங்க’ன்னு நீங்கதான் அண்ணன்கிட்ட சொன்னீங்க. எனக்கு அமைதி வேணாம். வெளிச்சம்தான் வேணும். வரைய வெளிச்சமே பத்தல இங்க.”

“இத்தனை வருஷமா ஏன்டி சொல்லல?”

“வந்து ஒட்டிக்கிட்டவ வாயைத் திறந்து ரூம் கேப்பாளா?”

பிரிப்பக்கா முன்னறைப் பக்கம் கையைக் காட்டினாள். “சரி, முன்னறையை எடுத்துக்க. ரெண்டு ஜன்னல். இன்னிக்கே மாத்திடலாம்.”

“பாத்தீங்களா, மறுபடியும் நாடாவை இழுக்கறீங்க.” நாத்தனார் சிரித்துவிட்டாள். “அங்க அண்ணன் தூங்குறான். காலைல முதல் பஸ் அவனோடது. அவனை எங்க போடுவீங்க, மஞ்சள் பைலயா?”

“அப்போ நீயே சொல்லு. போறியா, இருக்கியா? எது வேணும்?”

இந்த முறை கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். சும்மா இருப்பது பிரிப்பு மேசையில் நிற்பதைவிடக் கடினமாக இருந்தது. கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

“போறேன் அண்ணி” என்றாள் நாத்தனார் கடைசியில். “கோவத்துல இல்ல. அந்த ரூமைப் போன ஞாயித்துக்கு முன்னாடியே பாத்து வெச்சேன், சொல்லத்தான் தைரியம் வரல. மேற்கால பெரிய ஜன்னல். கதவைப் பூட்டினா சாவி என்கிட்ட.”

“சரி.”

“சரின்னா சரியா? அழ மாட்டீங்களா?”

“நீ என்ன அடுத்த நாட்டுக்கா போற? அண்ணன் பஸ் அந்த வழியாத்தானே போகுது.” எழுந்தவள் நின்றாள். கேட்க வந்ததில் முக்கியமானதை இன்னும் கேட்கவில்லை. “ஞாயித்துக்கிழமை?”

நாத்தனார் கட்டிலுக்கடியிலிருந்து செருப்புப் பெட்டியை இழுத்து அண்ணி கையில் வைத்தாள். “இது இங்கயே இருக்கட்டும். நான் வந்துடுவேன். ஆனா இனிமே பின்பக்கம் வெறுமையா இருந்தா, என்னைக் கேட்டுட்டுத்தான் பைக்குள்ள போகணும்.”

“எழுதித் தொலைச்சா என்ன?”

“எழுதிட்டா நீங்க கேக்க மாட்டீங்களே.”

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பெட்டியைக் கொட்டினார்கள். விவரம் எழுதியவை பழையபடி நிறப் பைகளுக்குள் போயின. அதிலும் நாத்தனார் விடவில்லை. கூரைநக்கியை வெள்ளையிலிருந்து எடுத்தாள், மழைக்காலத்தில் அது கூரையையே தின்றுவிடும் என்றாள். பூட்டுவாயனைச் சிவப்பிலிருந்து எடுத்தாள், சாவியைக் காட்டினால் குழைந்துபோகும் என்றாள். அண்ணி கேட்டாள், அவள் சொன்னாள், இரண்டு பேரும் வாதாடினார்கள். வாதம் முடியாதவை எல்லாம் தரையில் தனியாகக் குவிந்தன. மூலை போன கிணற்றுக்காது அந்தக் குவியலின் உச்சியில் கிடந்தது. டிரைவர் வேலை முடிந்து உள்ளே நுழைந்தவர், இரண்டு பேரும் ஒரே விளக்கடியில் இருப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தானே தட்டைப் போட்டுச் சாப்பிட்டார்.

“செத்தது செத்ததுதானே?” என்றாள் பிரிப்பக்கா, காதைக் காட்டி.

“கிணத்தை மூடினா காது எப்படிச் சாகும்? உள்ளேருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கும். டெய்லர் அண்ணன் கொஞ்சம் பாத்துப் பேசட்டும்.”

“அந்த ஆளுக்கு அப்போ அது சிவப்பு.”

தனிக் குவியலுக்கென்று பிரிப்பக்கா மிச்சமிருந்த துணியில் ஐந்தாவதாக, சாயம் போடாத பழுப்பில், ஒரு பை தைத்தாள். அது பாதிக் குவியலுக்கே வாய் பிதுங்கிவிட்டது. மிச்சத்தைத் தற்காலிகமாகச் செருப்புப் பெட்டிக்குள் போட்டு மூடி வைத்தார்கள்.

மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்புமுன், பிரிப்பக்கா கழித்துப் போட்ட துணிக் கட்டிலிருந்து ஒரு தலையணை உறையை உருவினாள். மூன்று பக்கமும் ஏற்கெனவே தைத்திருந்தது, வாய்க்கு நாடா மட்டும்தான் வேண்டியிருந்தது. கோத்தாள். ஐந்தாவது பையிலிருந்ததையும் பெட்டியிலிருந்ததையும் அதற்குள் கொட்டினாள், காதை மேலாக வைத்தாள். நாடாவை இழுக்காமல் வாயைத் திறந்தபடி ஆணியில் மாட்டிவிட்டு, ரப்பர் பூட்ஸை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.